வீட்டுத் தானியங்கிக் கருவிகளும் மின்சார இரைச்சலும்

சில ஆண்டுகளாக நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் புதுவகைக் கருவிகள் பல இடம் பெற்று வருகின்றன. மாடித் தொட்டியில் நீர் குறைந்ததும் தானே மோட்டாரை ஓட்டி, நிறைந்ததும் நிறுத்தும் பெட்டி. தறியில் அமர்ந்தபடியே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ரிமோட்டுடன் வரும் மின்விசிறி. செல்போனின் கட்டளைக்கு விளக்கை ஏற்றி அணைக்கும் வைஃபை பிளக்கு. தோட்டத்துக் கிணற்று மோட்டாரை ஊரிலிருந்தே இயக்கும் செல்போன் ஸ்டார்ட்டர் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. மும்முனை மின்சாரம் வந்துவிட்டதா என்று பார்க்க நள்ளிரவில் டார்ச் விளக்குடன் வரப்பில் நடந்து, பாம்புக்கு அஞ்சிய விவசாயியைக் கேட்டால் அவற்றின் அருமையைச் சொல்வார்.

ஆயினும், சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் இக்கருவிகளைப் பற்றிய ஒரு குறையை அடிக்கடி கேட்கிறேன். “ஐயா, ஒரு சமயம் வேலை செய்கிறது, ஒரு சமயம் செய்யவில்லை” என்பதே அது. அடியோடு கெட்டுப்போன கருவி யாருக்கும் தொல்லை தருவதில்லை. அதைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிடலாம். விட்டுவிட்டுப் பிழை செய்யும் கருவியே மனிதனைப் பைத்தியமாக்குகிறது. கடைக்குக் கொண்டு போனால் அங்கே மேசைமேல் நன்றாக வேலை செய்கிறது. வீட்டுக்குக் கொண்டு வந்தால் மறுநாளே பழைய கதைதான். இரண்டாயிரம், ஐயாயிரம், சில சமயம் பதினையாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது இறுதியில் பரண்மேல் ஏறுகிறது. கடைக்காரருக்கும் வாங்கியவருக்கும் மனத்தாங்கல் மிஞ்சுகிறது.

கடை மேசைமேல் ஒழுங்காக ஓடும் கருவி வீட்டில் தடுமாறுமானால், அந்த மேசைக்கும் நம் வீட்டுக்கும் உள்ள வேற்றுமை என்ன என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கருவி ஒன்றுதான். வீட்டிற்கு வரும் மின்சாரம் வேறு, ஒயரிங் வேறு, அதே ஒயரில் உடன் ஓடும் மற்றச் சாமான்கள் வேறு. பெரும்பாலான இடங்களில் குற்றவாளி இந்த மூன்றில் ஒளிந்திருக்கிறான். அவனைக் கண்டுபிடிக்க எலக்ட்ரிகல் படிப்பு அவசியமில்லை. பொறுமையும், ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பழைய ரேடியோவும் போதும்.

நோட்டுப் புத்தகத்தை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. சங்கத்தின் இருப்புநிலைக் கணக்கில் வித்தியாசம் விழுந்தால், தணிக்கைக்குச் செல்பவர் எல்லாப் பேரேடுகளையும் ஒரே சமயத்தில் புரட்டுவதில்லை. எந்தத் தேதியிலிருந்து வித்தியாசம் வருகிறது என்று பார்த்து, அத்தேதியைச் சுற்றியே தேடுவார். கருவியின் பிழையையும் அவ்வாறே தேட வேண்டும். பிழை நேர்ந்த மணி, அப்போது கருவி செய்த காரியம், வீட்டில் வேறு எவை ஓடிக்கொண்டிருந்தன, மின்சாரம் சற்று முன்தான் நின்று வந்ததா என்ற நான்கையும் பத்து நாள் எழுதி வந்தால், பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

ஒரு நெசவாளர் இல்லத்தில் தறிக்கு மேலுள்ள எல்.இ.டி. விளக்கை வைஃபை பிளக்கின் மூலம் ஏற்றி வந்தார்கள். அது நடுவில் தானே அணைந்துவிடும். பட்டு ஊடை ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிச்சம் போனால் புட்டா தவறும். தவறினால் அவ்வளவையும் பிரிக்க வேண்டும். பிளக்கை ஒருமுறை மாற்றியும் பார்த்தார்கள், குறை தீரவில்லை. அவர்கள் எழுதிய குறிப்பில் பதினோரு பதிவுகள் இருந்தன. எல்லாம் காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். அமாவாசையன்று மட்டும் ஒன்றுகூட இல்லை. வீட்டுப் பெரியவர் இதை அந்நாளின் மகிமையாகக் கொண்டார். நெசவாளர்களுக்கு அமாவாசை விடுமுறை என்பது யாவரும் அறிந்ததே. அன்று தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் தார் சுற்றும் வேலையும் இல்லை. தார் சுற்றும் இராட்டையில் தையல் இயந்திரத்தின் சிறு மோட்டாரைப் பொருத்தியிருந்தார்கள். அதன் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து, சுழலும்போது நீலப் பொறி பறந்துகொண்டிருந்தது. அந்த மோட்டாரும் விளக்கின் பிளக்கும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகப்பட்டிருந்தன. பிரஷ்களை மாற்றி, மோட்டாரை வேறு சர்க்யூட்டில் செருகியதும் விளக்கு அணைவது நின்றது.

பொறி பறந்தால் விளக்கு ஏன் அணைய வேண்டும்? இதை விளங்கிக்கொள்வது மற்ற எல்லாவற்றுக்கும் உதவும்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், வினாடிக்கு 50 சுழற்சி. அது அமைதியான அலைபோல் ஏறி இறங்க வேண்டும். கம்பிச் சுருள் கொண்ட மோட்டாரில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால், சுருளில் தங்கியிருந்த சக்தி போக்கிடம் இல்லாமல் கணநேரத்துக்கு நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்கு மேல் எகிறி, துண்டித்த இடத்தில் பொறியாகப் பாய்கிறது. பிரஷ் உள்ள மோட்டாரில் இத்துண்டிப்பு வினாடிக்குப் பல நூறு தடவை நிகழ்கிறது. ஒவ்வொரு பொறியும் ஒயரில் ஒரு முள் போன்ற அலையை ஏற்றுகிறது. இம்முட்களின் கூட்டத்தைத்தான் மின்சார இரைச்சல் என்கிறோம். பழைய குண்டு பல்புக்கு இதனால் ஒன்றும் நேராது. ஆனால் வைஃபை பிளக்குக்குள் இருப்பது 3.3 வோல்ட்டில் ஓடும் ஒரு சிறு கணிப்பொறி. முள் அதன் உள்ளே எட்டினால் அது குழம்பி, தன்னைத் தானே நிறுத்தி மறுபடி தொடங்குகிறது. தொடங்கும்போது பல பிளக்குகள் ‘அணைந்த நிலை’யிலேயே தொடங்கும். ஆகையால் விளக்கு போய்விடுகிறது. மீண்டும் தொடங்கும்போது முன்பிருந்த நிலையையே கொள்ளுமாறு செல்போனிலுள்ள அதன் செயலியில் மாற்றிக்கொள்ளும் வசதி பல பிளக்குகளில் உண்டு. அது நோயைத் தீர்க்காது எனினும் வலியைக் குறைக்கும்.

மிக்ஸியும் மின்சாரத் துளைக்கருவியும் இதே ரகம். இவை தவிர, இரைச்சல் செய்பவற்றுள் முதல் வரிசையில் நிற்பவை விலை மலிந்த எல்.இ.டி. பல்புகளும் செல்போன் சார்ஜர்களுமே என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். இவற்றின் உள்ளே மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டியே வேண்டிய அளவுக்குக் குறைக்கிறார்கள். அவ்வெட்டினால் எழும் இரைச்சல் ஒயருக்குத் திரும்பாதபடி ஒரு வடிகட்டி வைக்க வேண்டும். பத்து இருபது ரூபாய் குறைத்து விற்பதற்காக அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்ட பல்பை வாங்குவது இவ்வகையில் சிக்கனமே. சுழற்றிக் குறைக்கும் பழைய மின்விசிறி ரெகுலேட்டரும் அலையை நடுவில் வெட்டுவதால் இரைச்சல் செய்யும். படிப்படியாகத் திருகும் கண்டென்சர் ரெகுலேட்டர் செய்யாது.

இது புதிதாய் முளைத்த நோயன்று. வீட்டுச் சாமான்களைத் தூர இருந்து இயக்கும் முறைகளுள் மிகப் பரவிய ஒன்று, ஸ்காட்லாந்தின் கிளென்ராத்ஸ் நகரில் இருந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தார் 1975-இல் உருவாக்கிய எக்ஸ்-10 என்பது. தனியாகக் கம்பி இழுக்காமல், வீட்டின் மின்சார ஒயரையே செய்தி அனுப்பும் கம்பியாக அவர்கள் உபயோகித்தார்கள். 120 கிலோஹெர்ட்ஸ் அலையை, ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு, மின்சாரம் ஏறி இறங்குகையில் பூஜ்யத்தைக் கடக்கும் தருணத்தில் அனுப்புவது அம்முறை. நமது மின்சாரம் வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைக் கடக்கிறது. அத்தருணத்தில் இரைச்சல் ஓரளவு அடங்கியிருக்கும் என்பதே அவர்களுடைய யுக்தி. அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளில் அது புகுந்தது. ஆனால் வீடுகளில் தொலைக்காட்சியும் கம்ப்யூட்டரும் பெருகப் பெருக, அது தடுமாறத் தொடங்கிற்று. சில சாமான்கள் இரைச்சலால் செய்தியை அமுக்கின. வேறு சிலவற்றின் உள்ளிருந்த வடிகட்டி, இரைச்சலோடு செய்தியையும் விழுங்கிற்று. பதினாறு வீட்டு எழுத்துக்கள், ஒவ்வொன்றிலும் பதினாறு எண்கள், ஆக 256 முகவரிகளே இருந்தமையால், ஒரே டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த அண்டை வீட்டார் அதே எழுத்தை வைத்திருந்தால் இங்கே அழுத்த அங்கே விளக்கு எரிவதும் உண்டு. அங்கே மக்கள் கண்ட வைத்தியம் இதுதான்: வீட்டிலுள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குற்றவாளியைக் கண்டு, அதன் வாயில் மட்டும் ஒரு வடிகட்டியைப் பொருத்துவது. இன்றைய கருவிகள் பெரும்பாலும் கம்பியில்லாமல் பேசுகின்றன. எனினும் அவை உண்பது அதே ஒயரின் மின்சாரத்தையே. ஆதலால் அவ்வைத்தியம் இன்றும் பழுதுபடவில்லை.

இரைச்சலைக் கண்ணால் காண முடியாது, காதால் கேட்கலாம். ‘வீடும் வயலும்’ கேட்ட பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ வீட்டில் இருந்தால் அதுவே சிறந்த சோதனைக் கருவி. பாட்டரியில் ஓட்டி, மீடியம் வேவ் பகுதியில் நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் முள்ளை நிறுத்துக. இரைச்சல் உள்ள வீட்டில் கரகரப்போ, தொடர்ந்த ரீங்காரமோ கேட்கும். ரேடியோவைக் கையில் பிடித்துச் சுவிட்ச் போர்டுகளையும் விளக்குகளையும் சார்ஜர்களையும் ஒட்டி மெல்ல நடந்தால், குற்றவாளியை நெருங்க நெருங்க ஓசை ஓங்கும். ரேடியோவின் உள்ளே இருக்கும் கறுப்பு ஆண்டெனாத் தண்டின் நுனி இரைச்சல் வரும் திக்கை நோக்கும்போது ஓசை தாழும். அதைக் கொண்டு திசையும் அறியலாம். எஃப்.எம். மட்டும் உள்ள ரேடியோ இதற்கு உதவாது.

ரேடியோ இல்லாவிடில் பாதி பாதியாகத் தேடலாம். மெயின் பெட்டியில் எம்.சி.பி. நான்கு இருந்தால் இரண்டை இறக்கிவிடுக. பிழை தொடர்ந்தால் குற்றவாளி மற்ற இரண்டில் இருக்கிறான். அவற்றுள் ஒன்றை இறக்குக. கடைசியில் ஒரு சர்க்யூட்டில் வந்து நின்றதும், அதிலுள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுக. சுவிட்சை அணைப்பது போதாது. கழற்றியே விட வேண்டும். ஏனெனில் சில வீடுகளில் சுவிட்சு பேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில், சுவிட்சை அணைத்த பின்னும் எல்.இ.டி. பல்பு மின்மினிபோல் மங்கலாக ஒளிரும். அதைக் கண்டால் பல்பைத் திட்டாமல் ஒயர்மேனை அழைத்துப் பேஸுக்குச் சுவிட்சை மாற்றச் செய்க. பல்பு மாற்றும்போது அடி விழக்கூடிய வீடு அது. இண்டிகேட்டர் விளக்குள்ள சுவிட்சினாலும், நியூட்ரல் இணைப்பில்லாத தானியங்கி சுவிட்சினாலும் இப்படி மங்கலாக ஒளிர்வது உண்டு, அவற்றில் அபாயமில்லை.

குற்றவாளி அகப்பட்டபின் செய்ய வேண்டியவை எளியவை. கூடுமானால் அதை வேறு சர்க்யூட்டுக்கு மாற்றுக. மலிவான பல்பாயின் தூக்கி எறிக. சார்ஜர், அடாப்டர் முதலியவற்றின் கம்பியில் ஃபெரைட் வளையம் என்னும் கறுப்பு உருளையைக் கவ்வவிடலாம். கம்பியை அதற்குள் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் பலன் அதிகம். மோட்டார் காண்டாக்டரின் சுருளினால் தொல்லை நேர்ந்தால், 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோபாரட் கண்டென்சரும் சேர்ந்த ஆர்.சி. ஸ்னப்பரை அச்சுருளுக்குக் குறுக்கே ஒயர்மேன் பொருத்தித் தருவார். கண்டென்சர் மெயின் லைனுக்கென்றே செய்யப்பட்ட எக்ஸ்-2 ரகமாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்டென்சரை வைத்தால் ஒரு நாள் புகையும்.

இரைச்சலைப் பற்றி இவ்வளவு சொன்னபின், மின்சாரத்தின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலையில் தெரு முழுவதும் விளக்கேறும் நேரத்தில் 170, 180 வோல்ட்டுக்கு இறங்கும் ஊர்களில் கருவியின் ரிலே பிடித்த பிடியை விட்டுவிடும். இன்வெர்ட்டரால் வரும் வம்பு வேறு விதம். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் அலையாக அல்லாமல் சதுரமாக வெட்டிய மின்சாரத்தைத் தருகின்றன. அதில் மின்விசிறி முனகும். உள்ளே கண்டென்சரைக் கொண்டே மின்சாரத்தைக் குறைக்கும் மலிவுக் கருவிகள் சூடேறிக் கெடும். ‘சைன் வேவ்’ என்று எழுதியதைக் கேட்டு வாங்குக.

இனிச் சொல்வதைத் தனியே கவனிக்க வேண்டும். இது கருவியைச் சேர்ந்ததன்று, உயிரையும் உடைமையையும் சேர்ந்தது. மிக்ஸியையோ இஸ்திரிப் பெட்டியையோ போட்டதும் ஓர் அறையின் விளக்கு மங்கி, மற்றோர் அறையின் விளக்கு வழக்கத்துக்கு மேல் பளிச்சென்று எரிந்தால், வீட்டுக்கு வரும் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது என்று பொருள். மும்முனை இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் ஓடவேண்டிய சாமான்களுள் சிலவற்றின்மேல் 400 வோல்ட்டை ஒட்டி ஏறிவிடும். ஒரே நிமிடத்தில் ஃபிரிட்ஜும் தொலைக்காட்சியும் வைஃபை பெட்டியும் ஒருங்கே எரிந்த வீடுகள் உண்டு. இக்குறி தென்பட்டதும் சோதனை செய்துகொண்டிராமல் மெயினை இறக்கிவிட்டு, மின்வாரியத்தாரிடம் முறையிடுக. மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் எந்நேரமும் முறையிடலாம். கம்பத்தில் ஏறுவது லயன்மேனின் வேலை. மெயினுக்கு இப்புறம் ஒயர்மேனின் வேலை. இரண்டிலும் நாம் கை வைக்கலாகாது. இரும்பு உடலுள்ள சாமானைத் தொட்டால் ‘சுருக்’ என்று சிறு அதிர்ச்சி தோன்றினால், அது பெரும்பாலும் எர்த் இல்லாத குறை. வடிகட்டி இரைச்சலைத் தள்ளிவிடும் இடமும் எர்த்துதான். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தால் வடிகட்டியும் பயன்படாது, காப்பும் இல்லை.

மாடித் தொட்டிப் பெட்டியைப் பற்றியே அதிகம் பேர் கேட்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தொட்டிக்குள் மூன்று கம்பிகள் தொங்கும். நீர் அவற்றைத் தொட்டால் அவற்றிடையே சிறு மின்னோட்டம் ஓடும். அதைக் கொண்டு நிறைந்ததா, குறைந்ததா என்று கீழேயுள்ள பெட்டி அறியும். ஓர் இல்லத்தில் மோட்டார் ஓடத் தொடங்கிய இரண்டொரு வினாடியில் நின்றுவிடும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். ‘டக் டக்’ என்ற இவ்வாட்டத்தில் காண்டாக்டர் கருகியது. விற்றவர் இருமுறை பெட்டியை மாற்றிக் கொடுத்தும் பலனில்லை. மோட்டாருக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் ஓடவிட்டபோது, ஒரு மணி நேரம் பிழையின்றி இருந்தது. ஆக, பெட்டி நல்லது. மோட்டார் ஓடினால்தான் கோளாறு. கொத்தனார் வேலை மிச்சமாகட்டும் என்று தொட்டிக் கம்பிகளையும் மோட்டாரின் ஒயரையும் ஒரே குழாய்க்குள் நாற்பது அடி இழுத்திருந்தார்கள். மோட்டார் ஓடும்போது பக்கத்துக் கம்பியில் தூண்டப்பட்ட மின்சாரத்தை, ‘நீர் நிறைந்தது’ என்ற செய்தியாகப் பெட்டி எடுத்துக்கொண்டது. தொட்டிக் கம்பியை ஓர் அடி தள்ளி வெளிச்சுவரில் தனியாக இழுத்தார்கள். செலவு புதுக் கம்பியும் அரை நாள் கூலியுமே. இரண்டும் ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கச் செய்ய வேண்டும், இணையாக ஓடவிடலாகாது.

தொட்டி காய்ந்திருந்தும் ‘நிறைந்தது’ என்று காட்டும் பெட்டிகளில் காரணம் வேறு. உப்பு நீர் ஊர்களில் கம்பிகளைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டையின்மேல் வெள்ளைப் பற்றுப் படிந்து, ஈரம் பட்டதும் நீரைப்போலவே மின்சாரத்தைக் கடத்திவிடும். மெயினை இறக்கிவிட்டுப் புளிக்கரைசலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தால் பற்று நீங்கும். ஒரு கம்பி மட்டும் அரித்துப் போனால் பெட்டி நேர்மின்சாரத்தை அனுப்புகிறது என்று அறிக. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி நெடுநாள் தாங்கும். மாறுமின்சாரம் அனுப்பும் பெட்டியாயின் இன்னும் நல்லது.

கம்பியில்லாச் செய்தியின் வழியிலும் தடைகள் உண்டு. மின்விசிறி ரிமோட்டுகளுள் பல, கண்ணுக்குத் தெரியாத ஒளியை வினாடிக்கு 38,000 தடவை துடிக்கச் செய்து கட்டளை அனுப்புகின்றன. எலக்ட்ரானிக் சோக்குள்ள குழல்விளக்கின் துடிப்பு இதற்கு அருகில் இருப்பதால், விளக்கெரியும்போது ரிமோட்டு பாராமுகமாகிவிடும். ஜன்னல் வெயில் நேரே விழுந்தாலும் அவ்வாறே. வைஃபை பிளக்குகளோ 2,400 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசுகின்றன. நீர் நிறைந்த தொட்டியும், இரும்புப் பீரோவும், கான்கிரீட் தளமும் அதைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில் ஓடுவதால் இடையூறு செய்யும். வைஃபை பெட்டியைப் பீரோவுக்குப் பின்னே ஒளித்து வைப்பதை விட்டு, உயரத்தில் திறந்த இடத்தில் வைப்பதே பாதிக் குறையைத் தீர்க்கும். மின்சாரம் நின்று வந்தபின் வைஃபை பெட்டி உயிர் பெறச் சில நிமிடம் ஆகும். அதற்குள் அழைத்துப் பார்த்துப் பதில் இல்லை என்று ஓய்ந்துவிடும் பிளக்கை ஒருமுறை கழற்றிச் செருக வேண்டியிருக்கும்.

விவசாய அங்கத்தினர்களின் செல்போன் ஸ்டார்ட்டருக்கு வருவோம். ‘கூப்பிட்டால் எடுக்கவில்லை’ என்ற குறையில் முதலில் பார்க்க வேண்டியது சிம்மின் தவணை முடிந்துவிட்டதா என்பதே. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் யாரும் கையில் எடுத்துப் பேசாத சிம்முக்குப் பணம் கட்ட நினைவு வருவதில்லை. இரண்டாவது, 2ஜி-யில் மட்டும் பேசும் பழைய ஸ்டார்ட்டரில், 4ஜி மட்டும் தரும் நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் ஒருநாளும் வேலை செய்யாது. மூன்றாவது, ஆண்டெனாவைத் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் அலை உள்ளே புகாது. பெட்டிக்கு வெளியே, மோட்டார் ஒயரை விட்டு விலக்கி நிறுத்துக.

இவற்றைவிட முக்கியமானது ஒன்றுண்டு. தானியங்கி நிலையில் விட்ட ஸ்டார்ட்டர், மின்சாரம் வந்ததும் யாரையும் கேளாமல் மோட்டாரை ஓட்டும். வீட்டில் இருக்கும் பிள்ளை விளையாட்டாகச் செல்போனில் எண்ணை அழுத்தினாலும் ஓட்டும். கிணற்றில் இறங்குமுன், பெல்ட்டைத் தொடுமுன், மோட்டார் ஒயரில் கை வைக்குமுன் ‘ஆஃப்’ பொத்தானை அழுத்துவது போதாது. மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் இதைச் செய்தே ஆக வேண்டும். உண்மையில் அந்நேரத்தில்தான் இது இன்னும் அவசியம்.

‘மின்சாரம் வந்ததும் ஸ்டார்ட்டர் விழுந்து விழுந்து எழுகிறது’ என்ற குறை தனியொருவரால் தீர்க்கக் கூடியதன்று. அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். 5 குதிரைச் சக்தி மோட்டார் ஓடும்போது சுமார் 7 ஆம்பியர் எடுக்கும். நேராகத் தொடங்கும் கணத்தில் அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் முழுச் சக்தி ஒரு முனைக்குச் சுமார் 140 ஆம்பியர். அதில் பத்து மோட்டார்கள் ஓடினால் 70 ஆம்பியர்தான், தாராளமாகத் தாங்கும். ஆனால் பத்துப் பேரும் தானியங்கி நிலையில் விட்டிருந்தால், மின்சாரம் வந்த அதே வினாடியில் பத்தும் சேர்ந்து 400 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வோல்ட் சரியும், வோல்ட் குறைந்ததென்று எல்லா ஸ்டார்ட்டரும் விழும், விழுந்ததும் வோல்ட் ஏறும், ஏறியதும் எல்லாம் மறுபடி எழும். ஒவ்வொருவரும் தம் ஸ்டார்ட்டரைக் குறை கூறி, ஒவ்வொருவராகக் கடைக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

பெரும்பாலான ஸ்டார்ட்டர்களில் மின்சாரம் வந்தபின் எத்தனை வினாடி கழித்து ஓட வேண்டும் என்று வைக்கும் திருகோ, செல்போன் கட்டளையோ உண்டு. தொழிற்சாலையிலிருந்து எல்லாம் ஒரே அளவில் வருவதே வினை. ஒரே டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த அங்கத்தினர்கள் ஒரு நாள் மாலை சங்கக் கட்டிடத்தில் கூடி, வரிசை எண் போட்டுக்கொண்டு, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் 20 வினாடி வித்தியாசம் வைத்தால் போதும். யார் முதல், யார் கடைசி என்பதில் சச்சரவு எழுமாயின், பங்குப் பதிவேட்டின் வரிசைப்படி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை சுழற்றலாம். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, டிரான்ஸ்பார்மரின் எண்ணையும் குறித்துவைக்கலாம். இவ்வரிசைப்படி பத்தாவது மோட்டார் ஓடத் தொடங்க, முதல் மோட்டாருக்குப் பின் மூன்று நிமிடம் ஆகும்.